கீழே உட்கார்ந்தவன்

நாற்காலி வேண்டாம் ஐயா, எனக்குத் தரைதான் வசதி. பல வருஷப் பழக்கம். நாற்காலியில் உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்று குழப்பமாகிவிடுகிறது. நீங்கள் உட்காருங்கள். நீங்கள் மேலே, நான் கீழே. எங்கள் தொழிலில் அதுதான் முறை. உங்கள் இடது கன்னம் வீங்கியிருக்கிறது. கடைவாய்ப் பல்லாக இருக்கும். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களை ஊரார் மந்திரவாதிகள் என்பார்கள். கதைகளில் வருகிற மாதிரி நீளத் தாடியும் கோலும் எங்களிடம் கிடையாது. கடைத்தெருவின் கோடியில், தையல் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒரு நீளமான வீடு, அதுதான் எங்கள் தொழில் வீடு. உள்ளே வரிசையாக மர நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் தரையில் ஒரு கோரைப்பாய். வலியோடு வந்தவர் நாற்காலியில் உட்காருவார். நாங்கள் பாயில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தொடுவோம். வலி இறங்கும். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தானே ஓடும்? வலியும் அப்படித்தான். நாம் அவரைவிடத் தாழ்வாக இருந்தால், அது அவரை விட்டு நம் கைக்கு வந்து, நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போய்விடும். மந்திரம் என்று நாங்கள் வைத்திருப்பது இவ்வளவுதான்.

தாழ்வு என்றால் பாயில் உட்காருவது மட்டும் இல்லை. அப்படியென்றால் பூனைகூட வலி இறக்கும். எதிரே இருப்பவரைவிட நாம் ஒரு படி கீழே என்று மனசுக்குள் நிஜமாகவே நினைக்க வேண்டும். நடித்தால் மனுஷனை ஏமாற்றலாம், வலியை ஏமாற்ற முடியாது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் யாரும் நன்றி சொல்லக் கூடாது. நன்றி ஆளைத் தூக்கிவிடும். தூக்கிய ஆளிடம் அடுத்தவர் வலி வந்து சேராது. வாசலில் நின்று எங்களை ஒரு திட்டு திட்டிவிட்டுப் போக வேண்டும். அதுதான் கூலி. சிலர் தாராளமாகவே கொடுப்பார்கள். மூட்டு வலியோடு வருகிற ஒரு டீச்சரம்மாவுக்கு மட்டும் வாய் வராது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நீயெல்லாம் உருப்படவே மாட்டே, நல்லா இருப்பா" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார். பாதிக் கூலி என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

இன்னொரு வழக்கமும் உண்டு, அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ரப்பர் செருப்போடு யாரும் பாய்ப் பக்கம் வரக் கூடாது. கோரை வலியைத் தரைக்கு விட்டுவிடும். பலகை பாதி விடும். ரப்பர் ஒரு சொட்டுக்கூட விடாது. எங்களில் பழைய ஆள் ஒருவர் மறதியாகச் செருப்புக் காலோடு குத்துக்காலிட்டு ஒரு பிரசவ வலியை வாங்கிவிட்டு, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். வாங்கிய வலி அவரோடேயே தங்கிவிட்டது.

அந்த வீட்டில் நான்தான் மூத்தவன் என்று சொல்லமாட்டேன். கடையவன் என்று சொல்வேன். எங்களிடம் கடைசி இடம்தான் பெரிய இடம். வாசல் ஓரத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில். அந்த இடத்துக்கு எவ்வளவு தள்ளுமுள்ளு நடக்கும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. "நீங்க உள்ள உக்காருங்க", "ஐயையோ, எனக்கென்ன தகுதி, நீங்க உக்காருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பணிவு காட்டுவார்கள். கூட்டுகிற துடைப்பத்துக்கு இரண்டு பெரியவர்கள் இழுபறி நடத்தி, துடைப்பம் பிய்ந்து போனதை நானே பார்த்திருக்கிறேன். நான் எதற்கும் போட்டி போட்டதில்லை. இடம் தானாக என்னிடம் வந்தது. பணிவுக்கு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் ஊரில் என்னைத்தான் சொல்வார்கள். வெளியூரிலிருந்து என்னைத் திட்டுவதற்கென்றே வருவார்கள்.

என் மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவியின் தம்பி. பெற்றவர்கள் போனபின் அக்கா கையில் வளர்ந்தவன். கல்யாணத்தன்று பெண்ணோடு சேர்த்து இவனையும் ஒரு பெட்டி மாதிரி ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்று நான் கேலி செய்வேன். மண்டு என்று அவள் செல்லமாகக் கூப்பிட்டு, அதுவே பேராக நின்றுவிட்டது. கூப்பிட்டால் கோபம் வராது. சரியாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் திரும்பிப் பார்ப்பான். போன கடையிலெல்லாம் எதையாவது போட்டு உடைத்துவிட்டு வந்து நிற்பான். வேறு வழியில்லாமல் எங்கள் தொழில் வீட்டில் தண்ணீர் எடுத்து வைக்கச் சேர்த்துவிட்டேன், ராத்திரி படுக்கையும் அங்கேயே. ஒருநாள் நல்ல கூட்டம். முதுகு பிடித்துக்கொண்ட மூட்டைக்காரர் ஒருவர் வாசலிலேயே சாய்ந்துவிட்டார். அவரைத் தூக்கிவிடக் குனிந்து மண்டு காலைப் பிடித்தான். அவ்வளவுதான், அவர் எழுந்து நின்று முதுகைத் திருப்பிப் பார்க்கிறார். மண்டு பயந்துபோய், "நான் ஒன்னும் பண்ணலைங்க" என்றான். அதுவும் உண்மைதான்.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். இவன் குடமே இல்லாதவன், தளும்ப என்ன இருக்கிறது? எங்களுக்கெல்லாம் திட்டு வாங்கினால்தான் மனசு தரைக்கு வரும். இவனைத் திட்டினால், "ஆமாங்க" என்பான்.

பெற்ற தாயை அடிக்கிறவன் ஒருவன் வயிற்று வலியோடு வந்தான். ஊருக்கே தெரிந்த ஆள். ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்தோம். இவனைவிட நான் கீழே என்று எந்த மனுஷன் நினைப்பான்? என்னாலும் முடியவில்லை. மண்டு தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். வலி இறங்கிவிட்டது. சாப்பாட்டுக்கு என் வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டேன்.

"எப்படிடா முடிஞ்சுது உனக்கு?"

"எனக்கு அம்மா இல்லையே மாமா. இருந்திருந்தா நான் எப்படி நடந்துக்குவேனோ, யாரு கண்டா? அந்த ஆளுக்குத் தன்னைப் பத்தித் தெரிஞ்சுபோச்சு, எனக்கு இன்னும் தெரியல. அவ்வளவுதான் வித்தியாசம்."

எனக்கு அவன்மேல் பொறாமை இல்லை. இதை நீங்கள் அழுத்திக் கேட்டீர்கள் என்பதால் நானும் அழுத்திச் சொல்கிறேன். அதற்குக் கொஞ்ச நாளில் என் கையில் வலி இறங்குவது குறைந்துபோனது. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. என்னைத் திட்ட வருகிறவர்கள் திட்டும்போது, எவ்வளவு அழகாகத் தாங்கிக்கொள்கிறோம் என்று எனக்கே ஒரு நிறைவு வந்துவிடும். அந்த நிறைவுதான் கெடுத்தது. டீச்சரம்மா என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, வலி அப்படியே இருக்க, என் மனசு நோகக் கூடாதென்று, "போச்சுப்பா, போச்சு" என்று பொய் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

வழி தற்செயலாகக் கிடைத்தது. ஒரு காலையில் என் கை பட்டுத் தொழில் வீட்டின் பெரிய பானை உடைந்தது. கூட்டிப் பெருக்குகிற அம்மாதான் உடைத்தாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாவை வேலையை விட்டு அனுப்பினார்கள். போகும்போது என்னைப் பார்த்து, "நீங்களாவது எனக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள். எனக்குக் கூசியது. அப்படியே பாயில் உட்கார்ந்து எதிரே இருந்தவர் காலைத் தொட்டேன். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வலி இறங்கியது. அன்று முழுக்க என் நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் துள்ளிக்கொண்டு எழுந்து போனார்கள்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு வேலை போனது. ஒரு தெரு முழுக்க வலி போனது. கூனிக் குறுகுவதுதான் எங்களுக்கு மூலதனம். அது திட்டில் கிடைக்கவில்லையென்றால் வேறெங்காவது தேடத்தான் வேண்டும். தையல்காரர் தைத்து மாட்டியிருந்த கல்யாணத் துணியில் மை கொட்டினேன். சைக்கிள் கடைக்காரரைப் பற்றி அவர் மாமனாரிடம் இல்லாததைச் சொன்னேன். அவர் மனைவி இன்னும் பிறந்த வீட்டில்தான் இருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பலன் இருந்தது. ஆனால் பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது சும்மா இல்லை. போன தடவை கூசியது இந்தத் தடவை கூசாது. மருந்து மாதிரிதான், அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் என் மனைவி படுக்கையில் விழுந்தாள். இடுப்பு எலும்பில் நோய். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், படுக்கைக்கு இதைப் போடுங்கள் என்று ஒரு ரப்பர் ஷீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். நாங்கள் குடியிருக்கிற வீட்டின் உள் அறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டோம். ஜன்னல் தையல் கடைப் பின்பக்கம் பார்க்கும். வலி வந்தால் அவள் தலையணையைக் கடித்துக்கொள்வாள். நான் பாயைப் போட்டு உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்தேன். ஒன்றும் இறங்கவில்லை. மறுபடி பிடித்தேன். அவள்தான் சொன்னாள்.

"விடுங்க. என்கிட்ட உங்களுக்கு வராது."

"ஏன் வராது?"

"ஊருக்கெல்லாம் கீழ உக்காருவீங்க. என்கிட்ட மட்டும் நின்னுக்கிட்டேதான் பேசுவீங்க, சாப்பாடு ஆச்சான்னு."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் உப்பு தீர்ந்துவிட்டது என்பது மாதிரி சொன்னாள். நான் அவளைவிட உயர்ந்தவன் என்று ஒருநாளும் சொன்னதில்லை ஐயா. நினைத்ததுகூட இல்லை, அது நினைக்க வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றியதில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து மண்டு வர ஆரம்பித்தான். பாயில் உட்கார்ந்து அக்கா காலைப் பிடித்தவுடனே அவள் முகம் தெளிந்துவிடும். இரண்டு பேரும் சின்ன வயசுக் கதை பேசிச் சிரிப்பார்கள். அவன் எழும்போது அவள் கூலி கொடுப்பாள்: "போடா மண்டு, ஒரு வேலையும் உருப்படியா வராது உனக்கு." பிறகு நிம்மதியாகத் தூங்குவாள். நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். தையல்காரர் மனைவி தெருவில் யாரிடமோ, "பெரியவரால முடியலையாம், மச்சான்தான் பாக்குறானாம்" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

என் யோசனை நேரானது. மனைவியின் வலியை இறக்குவது கணவனுடைய கடமை. அதற்கு நான் அவளுக்குக் கீழே போக வேண்டும். கீழே போக எனக்குத் தெரிந்த வழி, அவளுக்கு ஒரு தவறு செய்வது. சின்னத் தவறுகளை இத்தனை வருஷக் குடித்தனத்தில் செய்தாயிற்று. அதிலெல்லாம் எனக்குக் கூச்சமே வரவில்லை. நினைத்தாலே தலை நிமிர முடியாத மாதிரி ஒன்று செய்ய வேண்டும். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்தத் தம்பி ஒருவன். இதில் அவன்மேல் எனக்கு விரோதம் எங்கே வருகிறது?

ரப்பர் ஷீட்டைப் படுக்கையிலிருந்து எடுத்து, கட்டில் ஓரமாகத் தரையில் விரித்து, அதன்மேல் பாயைப் போட்டேன். பாய் எப்போதும்போல இருந்தது. மண்டு வந்தான், உட்கார்ந்தான், காலைப் பிடித்தான். அவளுக்கு வலி போய்விட்டது. அவன் எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். மறுநாள் இடுப்பைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தான். அதற்கு அடுத்த தடவை வாசலிலேயே என்னை நிறுத்தினான்.

"மாமா, என்னைக் கொஞ்சம் திட்டுங்களேன்."

"எதுக்குடா?"

"அக்கா வலி என்கிட்டயே தங்கிடுது மாமா, கீழ போக மாட்டேங்குது. எனக்குத் தலைக்கனம் வந்துடுச்சுபோல. எல்லாரும் நல்லா பாக்குறேன்னு சொல்றாங்கல்ல, அதுல நான் எங்கயோ மயங்கிட்டேன். நல்லா உறைக்கிற மாதிரி திட்டுங்க."

நான் திட்டினேன். உறைக்கிற மாதிரியே திட்டினேன். தண்டச்சோறு, அக்கா நிழலில் ஒண்டிக்கிடக்கிற ஒட்டுண்ணி என்றெல்லாம் சொன்னேன். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான். "இப்போ கொஞ்சம் பரவாயில்ல மாமா" என்று சொல்லிவிட்டுப் போய் அதே பாயில் உட்கார்ந்தான்.

இந்த இடத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தன்மேல் துளி மதிப்பு உள்ள எவனும், "என்கிட்ட தப்பு இல்லை, கோளாறு வேறெங்கோ இருக்கிறது" என்று பாயைத் தூக்கிப் பார்த்திருப்பான். எங்கள் தொழில் வீட்டில் இருக்கிற மற்ற எல்லோரும் முதல் நாளே தூக்கியிருப்பார்கள். அவனுக்கு அது தோன்றவே இல்லை. எது நடந்தாலும் குறை தன்னுடையது என்றே நினைத்துப் பழகியவன். குட்டக் குட்டக் குனிபவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டுபவனும் முட்டாள் என்று ஒரு சொலவடை உண்டு. பழியில் பாதியை அது குனிகிறவன் தலையிலும் கட்டுகிறது, பார்த்தீர்களா?

அவளுக்குச் சந்தேகம் வந்தது. "உடம்பு முடியலைன்னா வராதேடா தம்பி" என்றாள். "உடம்பு நல்லாத்தான் இருக்கு அக்கா, புத்திதான் சரியில்ல" என்றான். அவள் சிரித்தாள். பிறகு அவன் முழங்கால் மடங்குவது நின்றுபோனது. தோளைக் கொடுத்து அவனைக் கூட்டிப்போய் அந்தப் பாயில் உட்கார வைத்தது நான்தான். "உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம் மாமா" என்றான். கடைசி சாயங்காலம் அக்கா பாதத்தில் கை வைத்தபடியே கட்டில் காலில் சாய்ந்தான். அவள் வலி இறங்கித் தூங்கிப்போயிருந்தாள். அவன் முகம் எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். நான் பார்க்கவில்லை. தலையணை உறை மாற்ற வேண்டியிருந்தது, அதைச் செய்துகொண்டிருந்தேன்.

ஆமாம் ஐயா, அவனைக் கொன்றது நான்தான். அக்காவின் வலியைக் கொண்டே தம்பியைக் கொன்றேன். அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. சொல்வதற்காகத்தானே செய்தேன்.

அடக்கம் முடிந்து வீடு காலியானதும் ரப்பர் ஷீட்டை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன். பாயை மட்டும் விரித்து உட்கார்ந்தேன். அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், உங்களிடம் சொன்ன மாதிரியே, ஒன்றும் விடாமல். சொல்லச் சொல்ல அவள் பாதம் என் கையில் ஜில்லிட்டுப் போனது. சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு நினைப்பு வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். மனைவிக்காக இவ்வளவு கீழே இறங்கிய கணவன் இந்த உலகத்தில் வேறு எவன் இருக்கிறான்?

வலி வரவில்லை. "திட்டு, வாயில் வந்ததைச் சொல்லித் திட்டு" என்று கெஞ்சினேன். ஒரு திட்டு திட்டியிருந்தால் போதும், இறங்கியிருக்கும். அவள் திட்டவில்லை. "காலை விடுங்க" என்றாள். என்னோடு அவள் கடைசியாகப் பேசியது அதுதான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, தையல்காரர் மனைவியைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டாள். தையல்காரர் வீட்டார் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லித்தான் உங்கள் போலீஸ்காரர்கள் வந்தார்கள். நானாகவே வந்திருப்பேன்.

அவளைப் பற்றி நேற்று சேதி கேட்டேன். எங்கள் தொழில் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பாய் போட்டிருக்கிறார்கள். யாரையும் அவள் தொட விடவில்லையாம். "அது என் தம்பியைத் தின்னுடுச்சு. இனிமே யார் கைக்கும் அது போக வேணாம், என்கிட்டயே கெடக்கட்டும்" என்றாளாம். அவள் சத்தம் தாங்காமல் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் நிற்கிறாராம். நோய் இன்னும் மாதக்கணக்கில் இழுக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் வருத்தம்தான். கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம். அந்தக் குடும்பத்துக்கே பிடிவாதம் அதிகம்.

அவ்வளவுதான் ஐயா. எழுதி முடித்துவிட்டீர்களா? அப்படியானால் அந்தப் பல்லைப் பார்த்துவிடலாம். வந்ததிலிருந்து பார்க்கிறேன், கன்னத்திலிருந்து உங்கள் கை இறங்கவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டுங்கள். பயப்படாதீர்கள், இங்கே வெறும் தரைதான். மச்சானைக் கொன்றவன், மனைவியின் நிம்மதியைக் கெடுத்தவன். என்னைவிடத் தாழ்ந்தவன் இன்று இந்த ஊரிலேயே இருக்க முடியாது. நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

இன்னும் குறையவில்லையா? கொஞ்சம் பொறுங்கள், வந்துவிடும். வழக்கமாக இவ்வளவு நேரம் ஆகாது.

இல்லையா? அப்படியானால் எனக்குப் புரிகிறது. நான் உள்ளே வந்தபோது எழுந்து வழி விட்டீர்கள். என் மச்சான் பேச்சை எடுத்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். குறை என்னிடம் இல்லை ஐயா. நாற்காலியில் இருந்தபடியே நீங்கள் எப்படியோ எனக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டீர்கள்.